குறைக்குப் பெயரிடல்: புதுவீட்டின் கட்டுமானத் தரமும் தமிழ்ச் சொல்வளமும்

லயத்து வீட்டின் கூரை ஒழுகினால் அதைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக இருந்தது. மண்டோரிடமோ கங்காணியிடமோ வாய்மொழியாகச் சொன்னால் அவர் கிராணியிடம் சொல்வார். தோட்டத்துத் தச்சர் தமக்கு வசதிப்பட்ட நாளில் வந்து பார்ப்பார். வீடு நிர்வாகத்தின் உடைமை. அதன் தரத்தைக் கவனிக்கும் பொறுப்பு முதலாளிக்கும், அவரைக் கண்காணிக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் உரியது. 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் அந்தப் பொறுப்பைத்தான் வரையறுத்தன. குடியிருந்தவர் “வீடு சரியில்லை” என்று சொன்னால் போதும். எது, எங்கே, எவ்வளவு என்று விளக்க வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

இன்று நிலைமை வேறு. நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி முதலிய வட்டாரங்களின் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல சொந்த வீட்டை நாடி வெளியேறிவிட்டன. நீலாய், செண்டாயான் பகுதிகளில் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் இப்போது புதிய நகரியங்கள் எழுந்துள்ளன. ஊழியர் சேமநிதியில் பல்லாண்டு சேர்ந்த தொகையும், 35 ஆண்டுவரை நீளக்கூடிய வங்கிக் கடனும் சேர்ந்து ஒரு வீடாகின்றன. பல குடும்பங்களுக்கு அதுவே முதல் சொத்து. அந்த வீட்டில் பழுது இருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும், உரியவரிடம் எழுத்தில் கோருவதும் உடைமையாளரின் கடமையாகிவிட்டன.

மொழி பற்றிய உரைத்தொடரில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. பெயரிட்டுச் சொல்லக்கூடிய குறையைத்தான் ஒருவர் தேடிக் காண முடியும். வரையறுத்து எழுதக்கூடிய குறையைத்தான் ஒப்பந்தத்தின்படி கோர முடியும். ஆகவே கட்டுமானத் தரத்தைச் சோதிப்பதில் பாதி கருவியறிவு என்றால், மறு பாதி சொல்லறிவு. அச்சொல்லறிவு தமிழில் நிறைய உண்டு. அது கொத்தனாரிடம் இருக்கிறது, நம் வகுப்பறைக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

நூலும் மட்டமும்

கொத்தனாரின் முதற்கருவி நூல். இரு முனைகளிலும் கட்டி இழுத்த நூலை ஒட்டியே ஒவ்வொரு வரிசைக் கல்லும் வைக்கப்படுகிறது. ‘நூல் பிடித்தாற்போல்’ என்னும் வழக்கு இத்தொழிலிலிருந்து பொதுப்பேச்சுக்கு வந்தது. அரண்மனைக்கு மனை வகுக்கையில் நூலறிந்தோர் கயிறிட்டு அளந்ததைச் சங்க இலக்கியமாகிய நெடுநல்வாடை கூறுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் ஒரு படி மேலே செல்கிறது: மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் நீக்குவதுபோல மனத்தின் கோணலை இலக்கண நூல் நீக்கும் என்று அதன் பாயிரம் உவமிக்கிறது. இலக்கணத்தைப் புரிய வைக்கக் கட்டடத் தொழிலின் சொல்லை நம் முன்னோர் எடுத்துக்கொண்டனர். அதே உறவைக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள நாமும் பயன்படுத்தலாம்.

நூலோடு மூன்று கருவிகளைச் சொல்ல வேண்டும். சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று காட்டுவது தூக்குக்குண்டு. தரை கிடையாக உள்ளதா என்று காட்டுவது ரசமட்டம். இரு சுவர்கள் செங்கோணத்தில் கூடுகின்றனவா என்று காட்டுவது மூலைமட்டம். இவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு கயிற்றில் கனமான மரையாணியைக் கட்டித் தொங்கவிட்டால் தூக்குக்குண்டாகிவிடும். ஒளிபுகும் நீண்ட பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, அதன் இரு முனைகளையும் அறையின் இரு மூலைகளில் பிடித்தால், நீர் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை அளந்தால் தரையின் ஏற்றத்தாழ்வு தெரிந்துவிடும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, அவ்விரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் 5 அடியாக இருந்தால் மூலை செங்கோணம். இது பள்ளியில் கற்பிக்கும் பைதாகரசுத் தேற்றமேயன்றி வேறில்லை.

‘மட்டம்’ என்னும் சொல் ஒரே அளவில் அமைந்த கிடைநிலையையும் குறிக்கும். ‘மட்டமான சரக்கு’ என்னும்போது தாழ்ந்த தரத்தையும் குறிக்கும். கட்டடத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு: எல்லா இடமும் மட்டமாக இருக்கக் கூடாது. குளியலறைக்கும் மொட்டைமாடிக்கும் கார் நிறுத்தும் முன்றிலுக்கும் வேண்டியது வாட்டம், அதாவது நீர் வடியும் திசையில் மெல்லிய சரிவு. குளியலறைத் தரையில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், நீர் தேங்கி நிற்கும் இடம் வாட்டம் தவறிய இடம். ‘தரை சரியில்லை’ என்று எழுதுவதற்கும் ‘குளியலறைத் தரையின் வாட்டம் வடிகாலை நோக்கி இல்லை’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உடனே உணர்வர்.

தோட்ட நிலத்தின் தன்மை

பழைய தோட்ட நிலத்தில் எழும் வீட்டுக்குச் சில தனிக் கேள்விகள் உண்டு. நெகிரி செம்பிலான் தோட்டங்கள் பெரும்பாலும் மேடும் பள்ளமுமான நிலத்தில் அமைந்தவை. நகரியம் அமைக்கையில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகின்றனர். வெட்டிய பகுதி இயற்கையாக இறுகிய மண். நிரப்பிய பகுதி புதிதாகக் கொட்டிய மண். நிரப்பும் மண்ணை ஏறத்தாழ 30 செ.மீ.க்கு மிகாத அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் இறுக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் மண் பின்னர் அமிழும். ஒரே வீட்டின் ஒரு பாதி வெட்டிய மண்ணிலும் மறு பாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால், ஒரு பக்கம் மட்டும் அமிழ்ந்து சுவரில் சாய்வான பிளவு தோன்றக்கூடும். எனவே மனை வெட்டியதா, நிரப்பியதா என்பதும், நிரப்பியதாயின் அடித்தளத்துக்கு முளைத்தூண்கள் இறக்கப்படுகின்றனவா என்பதும் முதற்கேள்விகள்.

இரண்டாவது கேள்வி வேர்களைப் பற்றியது. ரப்பர் மரத்தின் ஆணிவேர் ஆழமாகச் செல்வது. மரத்தை வீழ்த்தியபின் அடிக்கட்டையையும் வேரையும் மண்ணுக்குள் விட்டு மேலே கட்டினால், அவை மக்கி வெற்றிடம் உண்டாகும். கறையானுக்கும் அவை உணவாகும். கோப்டோடெர்மிஸ் கர்விக்னாதஸ் என்னும் கறையான் உயிருள்ள ரப்பர் மரத்தையே தாக்கவல்லது என்பதைத் தோட்டத்தார் நன்கறிவர். அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு வகைகள் வீடுகளைத் தாக்குகின்றன. தரைத்தளம் வார்ப்பதற்கு முன்னர் மண்ணில் கறையான் தடுப்பு மருந்து தெளிக்கப்பட்டதா என்று கேட்டு, அதற்குரிய சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தளம் வார்த்தபின் இதைச் செம்மையாகச் செய்வது கடினம்.

அடித்தளத்துக்குத் தோண்டும் பள்ளத்தைத் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் ‘வானம்’ என்பர். ‘வானம் தோண்டுதல்’ என்பது கேட்பவரை வியக்க வைக்கும் தொடர்; ஆயினும் தொழிலில் அது நிலைத்த சொல். அந்த வானத்தின் அடியில் தளர்ந்த மண்ணோ தேங்கிய மழைநீரோ இருக்கும்போது கான்கிரீட்டைக் கொட்டக் கூடாது. பிற்பகல் மழை வழக்கமான நம் மாநிலத்தில் இதை நேரில் பார்த்து உறுதிசெய்வது நல்லது.

மறையப்போவதை முதலில் பார்த்தல்

கட்டுமானத்தைச் சோதிப்பதில் ஒரு பொதுவிதியைக் கொள்ளலாம்: அடுத்த வேலையால் மறைக்கப்படுவதை அந்த வேலை தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும். கம்பியைக் கான்கிரீட்டும், கல்லைப் பூச்சும், குழாயைத் தரைக்கல்லும் மறைத்துவிடும்.

கம்பிக் கூட்டுக்கும் பலகை அடைப்புக்கும் இடையே சிறு சிமெண்டுக் கட்டைகள் வைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை இல்லையெனில் கம்பி கான்கிரீட்டின் ஓரத்துக்கு வந்து, சில ஆண்டுகளில் துருப்பிடித்து, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். ஆயத்தக் கலவை லாரியில் வந்தால், ஓட்டுநரிடமுள்ள சீட்டில் கலவையின் தரமும் கலந்த நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். ‘கிரேடு 25’ என்றால் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் கான்கிரீட் என்று பொருள். கொட்டுவதற்கு எளிதாகும் என்று தளத்தில் கூடுதல் நீர் சேர்த்தால் அந்த வலிமை குறையும். வார்த்தபின் குறைந்தது 7 நாளேனும் ஈரம் காக்க வேண்டும். இதை ‘நீராற்றுதல்’ என்று தொழிலாளர் சொல்கின்றனர். இதுவும் ஒரு வினை. பெயர் தெரிந்தால் செய்தாயிற்றா என்று கேட்கத் தோன்றும்.

பலகையைப் பிரித்தவுடன் தூணிலும் விட்டத்திலும் கல் தெரியும் பொள்ளல்கள் உள்ளனவா என்று பார்த்து, பூசி மறைக்குமுன் நிழற்படம் எடுத்துவைக்க வேண்டும். செங்கல்லை இரண்டிரண்டாகத் தட்டினால் நன்கு சுட்டது ‘கணீர்’ என்று ஒலிக்கும்; வேகாதது ‘பொத்’தென்னும். தரைக்கல் பதித்தபின் நாணயத்தால் தட்டினாலும் இதே வேறுபாடு கேட்கும். பொத்தென்னும் கல்லின் அடியில் சாந்து நிரம்பவில்லை. ஒலியாலும் குறிப்பாலும் பண்பாலும் பொருளுணர்த்தும் சொற்களைத் தொல்காப்பியம் உரியியலில் வகுத்துப் பேசுகிறது. ஒலிக்குறிப்புச் சொற்கள் வெறும் அலங்காரம் என்று எண்ணும் மாணவர், ஒரு வீட்டின் தரைக்கல்லை அவற்றால் சோதிக்க முடியும் என்பதைக் கண்டால் அவற்றின் பயனை உணர்வர்.

வெளிச்சமும் காற்றும்கூட அளக்கத்தக்கவையே. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளின்படி, குடியிருப்பு அறையின் சன்னல்களின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது; காற்றுத் தடையின்றிப் புகும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஓர் அளவு நாடாவும் பெருக்கல் வாய்பாடும் இதற்குப் போதும்.

நீருக்கும் பிளவுக்கும் உரிய பெயர்கள்

புதுவீட்டில் மிகுதியாகக் காணப்படும் பழுதுகள் இரண்டு வகை: நீர் புகுதல், சுவர் பிளத்தல். இரண்டிலும் தமிழ் நுண்ணிய வேறுபாடுகளைச் சொல்லாலேயே காட்டுகிறது.

கூரை ஓட்டின் உடைப்பு வழியாக மழைநீர் சொட்டுவது ஒழுகல். குழாயின் இணைப்பிலிருந்தோ குளியலறைத் தரையிலிருந்தோ சிறுகச் சிறுக வெளிப்படுவது கசிவு. வெளிச்சுவரின் பூச்சு மழையை உறிஞ்சி உட்புறம்வரை நனைவது ஊறல். நிலத்திலிருந்து சுவரின் அடிப்பகுதி வழியே மேலேறும் ஈரம் ஓதம். அதனோடு சுவரில் வெண்ணிறமாக உப்புப் பூப்பதும் உண்டு. ஒழுகலுக்குக் கூரையைப் பார்க்க வேண்டும். கசிவுக்குக் குழாயையும் நீர்த்தடுப்புப் பூச்சையும். ஊறலுக்கு வெளிப்பூச்சையும் சன்னலோரத்தையும். ஓதத்துக்கு அடிச்சுவரில் இட வேண்டிய ஈரத்தடுப்பு அடுக்கை. நான்கையும் ‘தண்ணி வருது’ என்று ஒன்றாக்கிவிட்டால், பழுதுபார்க்க வருபவர் கறையின்மேல் சாயம் பூசிவிட்டுப் போக வழி ஏற்படும். குளியலறையின் வடிகாலை அடைத்து, தரையில் 24 மணிநேரம் நீரைத் தேக்கிவைத்து, கீழ்த்தளத்துக் கூரையைப் பார்த்தால் கசிவு உண்டா இல்லையா என்பது தெளிவாகும். தரைக்கல் பதிக்குமுன் இச்சோதனையைச் செய்வது மிக நன்று.

பிளவிலும் இத்தகைய படிநிலை உண்டு. பூச்சின் மேற்பரப்பில் மயிரிழையாகத் தோன்றுவது கீறல். பெரும்பாலும் பூச்சு விரைந்து உலர்ந்ததால் வருவது. தூணும் கல்லும் கூடும் இடத்தில் நேர்க்கோடாக வாய்திறப்பது விரிசல். இருவேறு பொருள்கள் வெவ்வேறாக விரிந்து சுருங்குவதால் வருவது. சுவரின் இருபுறமும் தெரியும்படி ஊடுருவுவது வெடிப்பு. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ கல் வரிசையைப் பின்பற்றிப் படிபடியாகவோ சென்றால், அடித்தளம் அமிழ்கிறதா என்று பொறியாளரைக் கேட்க வேண்டிய அறிகுறி அது. பிளவின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதிவைத்தால், அடுத்த மாதம் அது கோட்டைத் தாண்டியதா என்று தெரியும். வளராத பிளவு பூச்சின் குறை. வளரும் பிளவு கட்டடத்தின் குறை என ஐயுறத்தக்கது.

அன்றாடப் பேச்சில் இச்சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வழங்குவதுண்டு. வட்டாரத்துக்கு வட்டாரம் எல்லைகளும் மாறும். ஆயினும் ஒரு மடலுக்குள் ஒரு சொல்லை ஒரே பொருளில் ஆள்வது என்று முடிவு செய்துகொள்ளலாம். கலைச்சொல் என்பது அத்தகைய உடன்பாட்டில் பிறப்பதே.

சட்டம் கேட்கும் சொல்

உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் நிலத்தோடு வீடு வாங்குபவருக்கு 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டமும், அதன்கீழ் அமைந்த ஜி அட்டவணை ஒப்பந்தமும் பாதுகாப்பளிக்கின்றன. விலை ஒரே தவணையில் செலுத்தப்படுவதில்லை. அடித்தளம், எலும்புக்கூடு, சுவர், கூரை என வேலை முடிய முடிய, கட்டடக்கலைஞர் அல்லது பொறியாளரின் சான்றோடு பகுதி பகுதியாகக் கோரப்படுகிறது. விலையின் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் பிடித்தமாக நிற்கும். சாவி ஒப்படைத்த 8 மாதத்தில் ஒரு பாதியும் 24 மாதத்தில் மறு பாதியும் மேம்பாட்டாளருக்குச் செல்லும்.

அந்த 24 மாதம்தான் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். தரங்குறைந்த வேலையாலோ பொருளாலோ தோன்றிய பழுதையும், வரைபடத்துக்கு மாறாகக் கட்டியதையும், எழுத்துவழி அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சீராக்க வேண்டும். சீராக்கத் தவறினால், பழுதுபார்க்கும் செலவை மதிப்பிட்டு முறைப்படி அறிவித்து, அதற்குரிய அவகாசமும் கழிந்தபின், பிடித்தத் தொகையிலிருந்து ஈடுசெய்துகொள்ள ஒப்பந்தம் வழிவகுக்கிறது. அத்தொகை மேம்பாட்டாளரிடம் செல்லுமுன் அறிவிப்புச் சேர வேண்டும் என்பதை மறக்கலாகாது. வாய்மொழியாகச் சொன்னதற்கு இங்கு இடமில்லை. லயத்திலிருந்து நாம் கொண்டுவந்த பழக்கம் நமக்குக் கேடு செய்யும் இடம் இதுதான்.

2007 ஏப்ரல் 12 முதல், குடிபுகு தகுதிச் சான்றிதழுக்கு மாற்றாக முடிவுறல் இணக்கச் சான்றிதழ் நடைமுறையில் உள்ளது. மண்வேலை தொடங்கி ஜி1 முதல் ஜி21 வரையான படிவங்களில், ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பானவர்கள் கையொப்பமிட்ட பிறகே அது வழங்கப்படுகிறது. சான்றிதழ் இருப்பதால் பழுதே இல்லை என்று கொள்ளக் கூடாது. பொறுப்பானவர் யார் என்பதை அது காட்டுகிறது.

சொந்த மனையில் குத்தகையாளரைக் கொண்டு கட்டுபவருக்கு ஜி அட்டவணையின் பாதுகாப்பு இல்லை. அவருடைய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதே அவருக்குச் சட்டம். குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டம் வாரியான கட்டணம், கடைசிப் பிடித்தம், பழுதுபார்க்கும் காலம் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

மேம்பாட்டாளரோடு தகராறு முற்றினால், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அமைந்த வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தை நாடலாம். 25,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை விசாரிப்பதற்காக அது தொடங்கப்பட்டது. அங்கே பொதுவாக வழக்கறிஞர் வாதிடுவதில்லை. வாங்கியவரே தம் குறையை எடுத்துரைக்க வேண்டும். ஒருவருடைய மொழித்திறன் அவருடைய உடைமையைக் காக்கும் தருணம் அது.

அறிவிப்பு மடல் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமையும். அப்போதும் குறையைத் தமிழில் பகுத்தறிந்தவர் மலாய்ச் சொல்லைச் சரியாகத் தேர்வார். ஒழுகலுக்குப் ‘போச்சோர்’, ஊறிப் பரவும் நீருக்கு ‘ரெசாப்’, ஈரத்துக்கு ‘லெம்பாப்’, விரிசலுக்கு ‘ரெத்தாக்’ என்னும் சொற்கள் உண்டு. கடை ‘கெடாய்’ ஆகவும், கட்டில் ‘காத்தில்’ ஆகவும், மாளிகை ‘மஹ்லிகாய்’ ஆகவும் மலாயில் வழங்குவதை நினைத்தால், இவ்விரு மொழிகளுக்கிடையே வீட்டுச் சொற்கள் நெடுங்காலமாகவே போய்வந்துள்ளன என்பது விளங்கும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

மேனிலை வகுப்புகளில் கடிதம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பின்வரும் இரு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதலாம். முதலாவது: “மேல்மாடி பாத்ரூம் சரியில்லை, கீழே தண்ணீர் வருகிறது, உடனே கவனிக்கவும்.” இரண்டாவது: “சமையலறைக் கூரையின் வடகிழக்கு மூலையில், மேல்தளக் குளியலறைக்கு நேர்கீழே, ஏறத்தாழ 40 செ.மீ. அகலமுள்ள ஈரக்கறை உள்ளது. மழையில்லாத நாளிலும் குளியலறையைப் பயன்படுத்திய ஒரு மணிநேரத்தில் நீர் கசிகிறது. முதலில் கண்ட தேதியும் நிழற்படமும் இணைக்கப்பட்டுள்ளன.”

முதல் வாக்கியத்தில் உள்ளவை மனக்குறையும் வேண்டுகோளும். இரண்டாவதில் பெயர், இடம், அளவு, நிபந்தனை, காலம், சான்று ஆகிய ஆறும் உள்ளன. ‘மழையில்லாத நாளிலும்’ என்பதிலுள்ள உம்மை கூரையைக் காரணத்திலிருந்து விலக்கிவிடுகிறது. உம்மையின் பொருள்களை நாம் தேர்வுக்காகக் கற்பிக்கிறோம். அது ஒரு குடும்பத்தின் பிடித்தத் தொகையைக் காக்கவும் கூடும் என்பதையும் சேர்த்துக் கற்பிக்கலாம்.

மாணவர்கள் தத்தம் வீட்டில் இரண்டு குறைகளைக் கண்டு, இந்த ஆறு கூறுகளோடும் எழுதிவர வேண்டும். வீட்டிலோ அண்டையிலோ கட்டட வேலை தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் அக்குறைகளுக்கு என்ன பெயர் சொல்கிறார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். லயத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியரிடமும் கேட்கலாம். ஓராண்டில் ஒரு பள்ளி அவ்வாறு திரட்டும் சொற்களை அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நேரான மலாய்ச் சொல்லையும் எழுதிவைத்தால், அந்த வட்டாரத்தில் அடுத்து சாவி வாங்கும் குடும்பத்துக்கு அது கைந்நூலாக உதவும்.